மலை ஏரியில் உங்களைக் கூப்பிட்டேன்

அன்பும் மரியாதையும் உள்ள என் வீட்டுக்காரருக்கு,

நான் நலம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? குட்டிம்மா அழாமல் பள்ளிக்குப் போகிறாளா?

ஒரு சிரிப்பான சங்கதி. ஞாயிற்றுக்கிழமைகளில் அறையில் தனியே இருக்கப் பிடிக்காமல் இங்குள்ள மீன்பிடி சங்கத்தில் சேர்ந்திருக்கிறேன். போன வாரம் மலைமேல் இருக்கும் ஏரிக்கு டிரவுட் மீன் பிடிக்கக் கூட்டிப்போனார்கள். என் தூண்டிலில் ஒன்று மாட்டியது. அது இழுத்த இழுப்பில் பாறை வழுக்கி, தொப்பென்று தண்ணீரில் விழுந்தேன். பயப்படாதீர்கள், இடுப்பளவுதான். ஆனால் ஐஸ் போலக் குளிர். "என்னங்க!" என்று கத்திவிட்டேன்.

சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற தபால்காரர். கைகொடுத்துத் தூக்கி, போர்வை போர்த்திவிட்டு, "என்னங்கன்னா யாரும்மா, உங்க சாமியா?" என்று கிண்டலாகக் கேட்டார்.

"இல்லீங்க, எங்க வீட்டுக்காரர்."

"அடேயப்பா, எதிர்மலை ரெண்டு தடவை திருப்பிச் சொல்லுச்சு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மீன் தப்பிவிட்டது.

வண்டியில் திரும்பும்போதுதான் உறைத்தது. போனில் குழந்தையைப் பற்றியே பேசுகிறோமே தவிர, உங்களை அப்படி வாய்விட்டுக் கூப்பிட்டுப் பதினான்கு மாதமாகிறது. கத்தியதும் நீங்கள் வருவீர்கள் என்று ஒரு நொடி நின்றிருக்கிறேன். அதனால்தான் அவர் நீட்டிய கையைப் பிடிக்கத் தாமதமானது.

ஸ்வெட்டருக்குள் போட்டுக்கொள்ள உங்கள் பழைய முழுக்கைச் சட்டை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாள் முழுக்க அதுதானே என் வேலை, நானே பார்த்துக்கொள்கிறேன்.

ஷிப்ட் வண்டி ஹாரன் அடிக்கிறது. ஓடுகிறேன்.

உங்களவள்