நடராஜா சாகாத படம்

2003 மார்ச் 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ரத்தோட்டையிலிருந்து வந்த மிளகு முழுக்க ஈரம். கடைக்குப் பின்னால் பரப்பி, மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தபோது ஓர் இளைஞர் வந்து நின்றார். கொழும்புக்காரர், பெயர் ருவன். கிராம்பு விலை கேட்க வந்தவர் என்று நினைத்தேன்.

“எழுபத்தேழாம் வருஷ டீமில் கோல் கீப்பராக நின்ற யாகூப் நீங்கள்தானா?” என்று சிங்களத்தில் கேட்டார்.

இந்தக் கேள்வியை என் பிள்ளைகள்கூடக் கேட்டதில்லை. அந்த டீமைப் பற்றிப் படம் எடுக்கப்போகிறாராம். தியேட்டரில் ஓடுகிற படம்!

என் மனைவி ஹமீமாவிடம் சொன்னேன். “இந்த வயித்தோட ஒங்களையா படம் புடிக்கப் போறாங்க?” என்று சிரித்தாள்.

மார்ச் 19

ருவன் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தார். கடையைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மாத்தளை டவுனிலிருந்து நாங்கள் சோனக முஸ்லிம் பொடியன்கள் ஐந்தாறு பேர். மற்றவர்கள் எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயங்களிலிருந்து மலையிறங்கி வருகிறவர்கள். எல்லோருக்கும் பூட்ஸ் கிடையாது. இருந்தவர்களும் கழற்றி வைத்துவிட்டுத்தான் விளையாடினோம். கண்டியிலிருந்து வந்த பெரிய டீமைத் தோற்கடித்துக் கிண்ணம் வாங்கியது மே மாதம். கடைசி கோலைப் போட்டது தோட்டத்துப் பொடியன் நடராஜா, என் கூட்டாளி. நான் எதிர்ப்பக்கக் கோல் வாசலில் நின்றேன். பந்து போனது எனக்குத் தெரியவில்லை, சனம் எழும்பியதுதான் தெரிந்தது.

ஓகஸ்ட்டில் தமிழருக்கு எதிராகக் கலவரம். நடராஜா இருந்த லயத்தை எரித்தார்கள். நடராஜா, அம்மா, தங்கச்சிமார் எல்லோரும் எங்கள் மிளகு ஸ்டோருக்குள் இருந்தார்கள். என் வாப்பா வாசலில் கதிரை போட்டுக் காவல் இருந்தார். பிறகு அவர்கள் இந்தியாவுக்குப் போவதென்று முடிவாயிற்று. அப்போது நிறையப் பேர் போனார்கள்.

ஸ்டேஷனுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவனுடைய அம்மா அம்மிக்கல்லை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றார். அதைத் தோளில் சுமந்துதான் அவன் ரயில் ஏறினான். கை இரண்டும் கல்லில். என்னைக் கட்டிப்பிடிக்கக்கூட முடியவில்லை. “வாறேன்டா யாகூப்” என்றான்.

அவ்வளவுதான். பிறகு ஒரு தகவலும் இல்லை.

ருவன் கருவியை நிறுத்தினார். நான் கடையைத் திறந்தேன்.

ஜூன் 2

எல்கடுவையில் ஷூட்டிங். மலையெல்லாம் புகை மூட்டம். லயத்துச் சனமெல்லாம் வேடிக்கை பார்க்க வந்துவிட்டது.

நடராஜாவாக நடிக்கிறவன் ஹட்டன் பக்கத்துப் பொடியன். நல்ல நிறம், நல்ல உயரம். என் நடராஜா இவ்வளவு அழகில்லை. ருவன் மைக்கில் “நடராஜா! நடராஜா எங்கே?” என்று கூப்பிட்டார். “இந்தா வந்துட்டேன்” என்று அவன் கத்திக்கொண்டே புகைக்குள்ளிருந்து வந்தான்.

நான் இரண்டடி முன்னால் போய்விட்டேன். நடிப்பென்று தெரியாதா எனக்கு? தெரியும். தெரிந்தும் ஒரு நொடி — சரி, விடு.

மத்தியானச் சாப்பாட்டை அந்தப் பொடியனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவனிடம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் உட்கார்ந்தேன்.

ஜூன் 7

ருவனோடு சண்டை பிடித்துவிட்டேன்.

படத்தின் முடிவில் நடராஜா தீயில் சாகிறானாம். கிண்ணத்தைக் காப்பாற்றத் திரும்ப லயத்துக்குள் ஓடுகிறானாம். அந்த எரியும் லயத்தைச் செய்ய ஆட்கள் பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் கேட்டேன்.

“அவன் சாகல்ல. உண்மைக் கதைன்னுதானே எடுக்குறீங்க?”

“ஐயா, ஒருவன் ரயில் ஏறிப் போவதோடு படம் முடிந்தால் சனம் எதைப் பார்த்து அழும்?”

“நாங்க அழுதோமே. அது போதாதா?”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது. எனக்குத் தெரியாது. எழும்பி வந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது ஹமீமா சொன்னாள்: “படந்தானே. செத்தா என்ன, இருந்தா என்ன? அவரு ஹயாத்தோட இருந்தா படத்துல கொன்னதுக்காகச் செத்துடப் போறாரா?”

அவள் சொல்வது சரி. ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லையே. அந்தத் தோட்டத்துச் சனத்துக்கு முன்னால், அந்த மலையில் வைத்து அவனைச் சாகடிக்கிறதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி நிற்பேன்?

ஜூன் 8

ஷூட்டிங்குக்குப் போகவில்லை.

ஜூன் 12

ருவன் கடைக்கு வந்தார். பலகையைக் கழற்றச் சொல்லிவிட்டாராம். தோட்டத்துப் பெண்கள் சிலரும் அவரிடம் போய், “எங்க வீடு எரிஞ்சத ஒரு தடவ பாத்தது போதும், மறுபடியும் எரிக்காதீங்க” என்றார்களாம். ரயிலோடு முடிக்கிறேன் என்றார்.

“படம் ஓடவில்லையென்றால் என்னைத் திட்டக்கூடாது” என்று சிரித்தார். கை குடுத்தேன். கையை விட எனக்கு மனமில்லை.

2004 பெப்ரவரி 20, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து நேரே தியேட்டருக்குப் போனேன், ஹமீமாவையும் கூட்டிக்கொண்டு. வாசலில் கூட்டமில்லை. உள்ளே முன்வரிசை முழுக்கக் காலி. பின்னால் இரண்டு மூன்று சோடிகள் தங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நல்ல படம். நான் இருக்கிற கதை என்பதால் சொல்லவில்லை. மழையில் பந்து சேற்றில் புதைந்து நிற்கும்போது இரண்டு டீமும் நின்று சிரிக்கும் இடம் — அதை ருவனுக்கு யார் சொன்னது? நான் சொல்லவில்லை. ஆனால் அப்படித்தான் இருந்தது எங்கள் காலம்.

கடைசியில் ரயில். அம்மிக்கல். அந்தப் பொடியன் திரும்பிப் பார்க்கிறான். படம் முடிகிறது. பின்னாலிருந்து ஒருத்தன், “அவ்வளவுதானா?” என்றான்.

ஹமீமா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்: “சாகடிக்காம விட்டது நல்லதுதான்.”

பெப்ரவரி 25

படத்தைத் தூக்கிவிட்டார்கள். சண்டைப் படம் ஒன்றின் போஸ்டரை எங்கள் போஸ்டருக்கு மேலேயே ஒட்டியிருக்கிறார்கள். பேப்பரில் ஒரு மூலையில் “முடிவு இல்லாத படம்” என்று எழுதியிருந்தார்கள்.

ருவனுக்குப் போன் எடுத்தேன். “என்னால்தான்” என்றேன். “இல்லை ஐயா, நான் எடுத்த படம்” என்றார். குரல் களைத்துப் போயிருந்தது.

மே 3

பஸ் ஸ்டாண்டில் நம்முடைய படத்தின் கள்ள சிடியை ஒருவன் விற்கிறான். வாங்கிக்கொண்டேன். கோபப்படுவதா சந்தோஷப்படுவதா தெரியவில்லை.

ஓகஸ்ட் 9

எல்கடுவ அழகம்மா கிராம்பு கொண்டுவந்தாள். நிறுத்து முடித்தும் போகாமல் நின்றாள். அவளுடைய மகன் அந்த சிடியை வாங்கிக்கொண்டு, இந்தியாவில் சொந்தக்காரக் கல்யாணத்துக்குப் போனானாம். கோத்தகிரியில் இங்கிருந்து போன சனம் நிறைய இருக்கிறதாம். அங்கே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பார்த்தவர்களில் ஒருவர், “இது நம்ம நடராஜா கதையில்ல?” என்றாராம்.

நான் தராசைப் பிடித்துக்கொண்டேன்.

“ஆளு அங்கயா இருக்கான், அழகம்மா?”

“நம்பர் எழுதிக்கிட்டு வந்திருக்கான் மொதலாளி. நீங்களே பேசிப் பாருங்களேன்” என்றாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏனென்று எனக்கு விளங்கவில்லை.

ஓகஸ்ட் 10

போனை ஒரு பெண்பிள்ளை எடுத்தது. “மாத்தளையிலேருந்து யாகூப் பேசுறேன்” என்றேன்.

“கோல் கீப்பர் மாமாவா?”

என்னைத் தெரிந்திருக்கிறது அந்தப் பிள்ளைக்கு.

“வாப்பா — அப்பா இருக்காராம்மா?”

“அப்பா இல்லீங்க மாமா. நான் சின்னப் புள்ளையா இருக்கயிலயே தவறிட்டாங்க. மஞ்சக் காமாலை.”

பிறகு தாயிடம் கொடுத்தது. அவர் பெயர் இலட்சுமி. என்னென்னவோ சொன்னார். ஒன்றும் ஞாபகமில்லை.

அவனைச் சாகவிடாமல் நான் சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது, அவன் மண்ணுக்குள் போய் எவ்வளவோ காலம்.

ஓகஸ்ட் 11

பள்ளிவாசலில் இருந்தேன். அவனுக்காகத் துஆ கேட்டேன். வேறு மதத்தவனுக்குக் கேட்கலாமா கூடாதா என்று யாரிடமும் விசாரிக்கவில்லை.

நவம்பர் 29, கோத்தகிரி

பெருநாள் முடிந்ததும் புறப்பட்டேன். தனியாகத்தான். ஹமீமாவுக்குக் கால் வலி. திருச்சி வரை பிளேன், பிறகு பஸ், பஸ், பஸ். கடைசி மலையில் ஏறியதும் தேயிலை வாடை. எல்கடுவைக்கே திரும்பி வந்ததுபோல் இருந்தது.

லயம் மாதிரியே வரிசை வீடுகள். இலட்சுமி, “வாங்கண்ணே” என்று கையைப் பிடித்துக்கொண்டார். மகள் சந்திரா, பத்தாம் வகுப்பு. அதே நெற்றி.

ருவன் கொடுத்தனுப்பிய நல்ல சிடியை எல்லோருமாகப் பார்த்தோம். கள்ள சிடியில் பாதி இருட்டாகத்தான் தெரிந்ததாம். பக்கத்து வீட்டுச் சனமும் வந்து வாசல்வரை நின்றார்கள். கோல் விழுந்தபோது விசில் அடித்தார்கள். மாத்தளைத் தியேட்டரில் ஒருவனும் அடிக்கவில்லை.

ரயில் வந்தது. இலட்சுமி டீவியைத் தொடுகிற தூரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

“இங்க வந்து எறங்குனவரத்தான் எனக்குத் தெரியும். ஏறுனத இப்பத்தான் ஒழுங்கா பாக்குறேன்” என்றார்.

படம் முடிந்தும் ஒருவரும் எழும்பவில்லை. சந்திராதான் கேட்டாள்.

“மாமா, எங்கப்பா இந்த அண்ணன் மாதிரிதான் ஓடுவாங்களா?”

“இல்லம்மா. இவன் அழகா ஓடுறான். ஒங்கப்பா ஓட்டமே வேற.”

“எப்படி?”

எப்படிச் சொல்வது? வெளியே வந்தேன். வாசலுக்கு முன்னால் மண் தரை, கொஞ்சம் சரிவு. சாரத்தை மடித்துக் கட்டினேன். ஒரு தோளை முன்னால் தள்ளி, இடது கையை விலாவோடு ஒட்டி, பாத்ரூமுக்கு அவசரமாகப் போகிறவன் மாதிரி — அப்படித்தான் ஓடுவான் அவன். அப்படியே தண்ணீர்க் குழாய் வரை ஓடிக் காட்டினேன்.

சனம் சிரித்தது. சந்திரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இலட்சுமி மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அதேதான்” என்றார். “தேயில லாரி கெளம்பிருச்சுன்னா அப்படித்தான் ஓடுவாரு.”

எனக்கு மூச்சு வாங்கியது. குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“மாமா, இன்னொரு வாட்டி” என்றாள் சந்திரா.

ஓடினேன்.