மத்தியானச் சங்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

லோகேஸ் எழுதுகிறேன். நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி? ஹாலிஎலயில் மழையா?

இங்கே அணைக்குக் கீழே ஆற்றில் மஞ்சள் பூசிய பாறை தண்ணீர் ஏறாமல் காய்ந்திருந்தால்தான் சுற்றுலாப் படகை இறக்கலாம். அதைப் பார்ப்பது என் வேலை. நேற்று நல்ல வெயில். பாறை காய்ந்துதான் கிடந்தது. அப்போது அணைப் பக்கம் சங்கு ஊதியது. நம் தேயிலைத் தோட்டத்துப் பழக்கத்தில், சாப்பாட்டு நேரமென்று மணல்திட்டில் உட்கார்ந்து சோற்றுப் பொதியைப் பிரித்தேன்.

“அணைய தொறக்குறாங்கடா, ஓடு!” என்று படகோட்டி நிஸாம் நானா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். கரையேறித் திரும்பினால் பாறையும் இல்லை, நான் உட்கார்ந்த திட்டும் இல்லை.

சோறுதான் போனது, பயப்படாதீர்கள். இன்று சங்கு ஊதியதும் சோற்றை வைத்துவிட்டுக் கரைக்கு ஓடினேன். ஆற்றங்கரையில் ராத்திரி குளிர்கிறது, பழைய கம்பளிச் சட்டையை அனுப்புங்கள். ஒருநாள் நம் தோட்டத்தில் மத்தியானச் சங்கு ஊதும்போது போன் பண்ணுங்கள், அம்மா. அது சோற்றுக்குத்தான் ஊதுகிறது என்று ஒருதரம் கேட்க வேண்டும்.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

லோகேஸ்