ஏழு பித்தளைத் துண்டுகளும் என் கையெழுத்தும்

என் அன்பு மாப்பிள்ளை கலியபெருமாளுக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. நீ இருந்தபோது உனக்கு நான் எழுதித் தந்தது ஒரே ஒரு தாள்தான். அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். நம் நாணயச் சேகரிப்பாளர் கூட்டத்தின் இதழுக்கே கொடுத்துவிடப் போகிறேன். நாலு பேர் முன்னால் எழுந்து பேச எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும்.

2006இல், மழை விட்ட ஒரு திங்கட்கிழமை. கடலூர் முதுநகரில் உன் சைக்கிள் சாமான் கடையை அடைத்துவிட்டு, பஸ் ஏறி அண்ணாமலை நகருக்கு என் வீடு தேடி வந்தாய். கைக்குட்டை முடிச்சில் ஏழு பித்தளைத் துண்டுகள். சட்டைப் பொத்தான் அளவு, ஆனால் நல்ல கனம். ஒரு பக்கம் தேய்ந்த உருவம், மறு பக்கம் வெறுமை. பெண்ணையாற்றில் மணல் சலிப்பவர்களிடம் வாங்கியதாகச் சொன்னாய்.

"மச்சான், இது காசு இல்ல. காசை நிறுக்குற கல்லு. வராகன் நிறுத்திருப்பானுங்க. நீங்க படிச்சவுங்க, ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க. கண்காட்சியில வெச்சிடுறேன்."

வராகன் பழைய பொற்காசு. கைக்கு வந்த காசு சரியான எடைதானா என்று பார்க்க, தராசின் ஒரு தட்டில் காசையும் மறு தட்டில் இப்படி ஒரு கல்லையும் வைப்பார்கள். அவ்வளவு எனக்கும் தெரியும். நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் கழித்துப்போட்ட தராசு ஒன்றை ஓய்வுபெறும்போது வாங்கி வந்திருந்தேன். ஒவ்வொரு துண்டையும் மூன்று முறை நிறுத்து நோட்டில் குறித்தேன். புத்தகத்தில் கண்ட வராகனின் எடையைவிட ஏழுமே குறைவு.

நீ என் தோளுக்கு மேல் எட்டி நோட்டைப் பார்த்தாய். "ஏழும் ஒரே அளவு கொறையுதே மச்சான், அது எப்படி?"

"தேய்மானம்" என்றேன்.

"எல்லாம் பேசி வெச்சிக்கிட்டுத் தேஞ்சிச்சா?" என்று சிரித்தாய்.

நான் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்தேன். 'இவை எடைக்கற்கள் என்று கொள்ள ஆதாரமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நீ அதை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நீங்க சொன்னா சரிதான் மச்சான்" என்றாய். அதற்குப் பிறகு நீ காப்பியைப் பாதியிலேயே வைத்துவிட்டுப் போனது இப்போதுதான் உறைக்கிறது.

ஏன் அவ்வளவு அவசரப்பட்டேன்? 'ஆம்' என்று எழுதித் தவறிப்போனால் சிரிப்பார்கள். 'இல்லை' என்று எழுதியவனை யாரும் கேட்கப் போவதில்லை. அந்தப் பயத்தைத்தான் நான் முறை என்று நினைத்துக்கொண்டிருந்தேனா?

என் தாள் கூட்டத்தில் தெரிந்ததும் சிரித்தார்கள். என்னை அல்ல, உன்னை. "என்ன பெருமாளு, புதுசா பட்டன் எதுனா மாட்டிச்சா?" என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டார்கள். "உன் சட்டைக்கு எத்தினி வேணும், சொல்லு" என்று நீயும் சிரித்தாய். நான் பின்வரிசையில் இருந்தேன். இருந்தேன், அவ்வளவுதான்.

போன மாதம் கடலூரிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் ஒரு சின்ன வழக்கு. ஓர் அம்மா தன் மகளுக்கு அரை டிக்கெட் கேட்டார்.

"எத்தினி வயசும்மா?" என்றார் கண்டக்டர்.

"பதினொண்ணுதான் சார் ஆவுது."

"பதினொண்ணா? வா பாப்பா, கம்பியில இருக்குற ஒசரக் கோட்டுல நில்லு. குனியாத, குனியாத."

"எங்க ஊட்டுல எல்லாருமே ஒசரம் சார்!"

பஸ்ஸே சிரித்தது. நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது எந்தக் குழந்தையின் உயரமும் அல்ல. தாண்டுகிறதா இல்லையா என்று பார்க்க மட்டும் போட்டது. உன் கல்லும் அப்படித்தானே? புதுக் காசின் முழு எடை வியாபாரிக்கு எதற்கு? கைமாறிக் கைமாறிக் காசு தேயத்தான் செய்யும். எவ்வளவு வரை தேய்ந்திருந்தால் வாங்கலாம் என்ற கடைசி எல்லைதான் அவனுக்கு வேண்டும். ஆகவே கல்லையே கொஞ்சம் குறைவாகச் செய்திருப்பான். ஏழும் ஒரே அளவு குறைவாக.

மறுநாளே முதுநகர் போனேன். தங்கை சரோஜா ஒரு மாத்திரை டப்பாவை எடுத்து வந்தாள். உள்ளே ஐந்துதான் இருந்தன.

"மீதி ரெண்டு?"

"பழைய பித்தளையோட எடைக்குப் போட்டுட்டாருண்ணா. நீங்கதான ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்தீங்க" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஐந்தின் அடியிலும் நேர்நேரான அரத் தடம். எடை சரியாக நிற்கும்வரை யாரோ பார்த்துப் பார்த்து அராவியிருக்கிறார்கள். என் பழைய நோட்டில் 'அடியில் கீறல்' என்று நானே குறித்திருக்கிறேன், மாப்பிள்ளை. குறித்துவிட்டு, தாண்டிப் போயிருக்கிறேன்.

டப்பாவின் அடியில் உன் கையெழுத்தில் ஓர் அட்டையும் இருந்தது. 'வராகன் எடைக்கல். பெண்ணையாற்று மணல். க. கலியபெருமாள், முதுநகர்.' என்னிடம் வருவதற்கு முன்பே எழுதி வைத்திருந்தாயா? மை மங்கியிருக்கிறது. நீ அதைக் கிழிக்கவில்லை.

இப்போதும் நூற்றுக்கு நூறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் நீ கேட்ட கேள்விக்கு 'தேய்மானம்' பதில் அல்ல. இவ்வளவு உறுதியாகச் சொல்வேன். போன கூட்டத்திலேயே சொல்லிவிட இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனேன். எழுந்திருக்க முடியாமல் திரும்பி வந்தேன்.

அடுத்த கண்காட்சியில் ஐந்து கற்களையும் உன் அட்டையோடு வைக்கிறேன். என் அறிக்கை உன் கடை ரசீதுக் கட்டில் பத்திரமாக இருந்தது. அதையும் அடித்துத் திருத்தாமல் பக்கத்திலேயே வைக்கிறேன். மேஜைக்கு இந்தப் பக்கம் நான் நிற்பேன். "பட்டனா?" என்று யார் கேட்டாலும் பதில் சொல்வேன். குரல் நடுங்கும். நடுங்கட்டும், நின்றே சொல்கிறேன்.

சரோஜாவின் அண்ணன்,
நீ வாய் நிறைய 'மச்சான்' என்று கூப்பிட்டவன்.