எந்தக் கையைத் துடைப்பான் என்று கேட்டாயே

மடவளை
1878 மார்ச் 14, வியாழக்கிழமை

அன்பு மகன் முஹ்ஸினுக்கு வாப்பா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வுடைய கிருபையால் இங்கே நானும் உம்மாவும் தங்கச்சி றமீலாவும் சுகமாக இருக்கிறோம், கொழும்பில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் துஆ கேட்கிறோம். இப்படித்தான் கடிதம் தொடங்க வேண்டும் என்பதால் எழுதிவிட்டேன். உண்மையைச் சொன்னால் சனிக்கிழமையிலிருந்து எனக்குச் சுகமில்லை. காய்ச்சல் இல்லை, தலையிடி இல்லை, சோறுதான் தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது. அது உன்னால் வந்தது. ஆனால் முதலில் வீட்டுச் சங்கதிகளைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உம்மா சொல்லியிருக்கிறாள். என்னிடம் அல்ல, றமீலாவிடம் சொல்லி என்னை எழுதச் சொன்னாள். அவள் என்னோடு பேசி ஐந்து நாளாகிறது, காரணம் பிறகு வரும்.

உம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, கலகெதரயிலிருந்து றலியா மாமி ஒரு எண்ணெய் கொண்டுவந்து தந்தா, வீடு முழுக்க அதே வாடை, வலி மட்டும் குறையவில்லை. றமீலாவுக்கு எட்டாம் மாசம் தொடங்கிவிட்டது, புளிப்பாக எதைக் கண்டாலும் விடுவதில்லை. வெள்ளை மாட்டுக்குக் குளம்பில் புண், அதனால் ஒரு வண்டி வாசலில் நிற்கிறது. அது நிற்காவிட்டாலும் ஏற்றுவதற்குச் சரக்கு குறைவுதான், மடுல்கெல்லப் பக்கம் காப்பி இலையெல்லாம் மஞ்சள் பொடி பூசினது போல் ஆகி உதிர்கிறது, துரைமார் முகத்தைப் பார்க்க முடியவில்லை, தோட்டத்துச் சனங்கள் வேலை நிற்குமோ என்று பயந்துகொண்டிருக்கிறார்கள். கடைசியாகச் சொன்னதை மனதில் வைத்துக்கொள், நான் சொல்லப்போகிற பையனுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

மகன், எனக்குக் கிரிக்கெட்டுப் பைத்தியம் பிடித்த கதை உனக்குத் தெரியும். கண்டி ஸ்டோரில் காப்பி மூட்டை இறக்கும்வரை வண்டியோடு காத்து நிற்கிற நேரத்தில் போகம்பரை வெளியில் பட்டாளத்துக்காரர் விளையாடுவதைப் பார்த்துப் பார்த்து, ஐம்பது வயதில் எனக்கு இந்த நோய் வந்தது. பிறகு ஸ்டோர்த் துரையே நம்முடைய ஆட்களைச் சேர்த்து ஒரு அணி கட்டி, யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் வீரசிங்கத்தைத் தலைவராகப் போட்டார். அதில் பந்து போடுகிற மூன்று இளசுகளைப் பற்றி ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். லெட்சுமணன் பந்து கண்ணுக்குத் தெரியாத வேகம், ஆனால் குச்சியைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் படும் என்று எழுதினேன். நம்முடைய ஹபீல், என் தம்பி மகன் என்பதற்காகச் சொல்லவில்லை, ஓடிவருகிற அழகைப் பார்த்தால் மூன்று மைல் தூரத்துக் கட்டுகஸ்தோட்டையிலிருந்து கிளம்பி வருகிறவன் போல் இருக்கும், பந்தில் ஒன்றும் இருக்காது என்று எழுதினேன். கறுப்பையாவைப் பற்றித்தான் இரண்டு பக்கம் எழுதினேன். மடுல்கெல்லத் தோட்டத்தில் காப்பிக் களத்தில் நீளப் பலகை பிடித்துக் காயும் காப்பியைக் கிளறிப் புரட்டி வளர்ந்தவன், அந்த மணிக்கட்டு வேறு யாருக்கும் வராது. கையை அதே வேகத்தில் சுழற்றிப் பந்தை மட்டும் மெதுவாக விடுவான், அது சிரித்துக்கொண்டு வாசல்வரை வந்து, வாசலில் வைத்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதற்கு மாமியார் பந்து என்று நானே பெயர் வைத்தேன். அந்தப் பந்தைப் போடும் முன் அவன் ஒரு கையை இடுப்பில் துடைப்பான், பின்னால் நின்று பார்க்கிற எனக்கு மட்டும்தான் அது தெரியும், இப்போது உனக்கும் தெரியும் என்று எழுதினேன். வேறு ஒரு ஆளிடமும் நான் வாய் திறக்கவில்லை, உம்மாவிடம்கூட.

அதுவரை நீ எழுதின கடிதம் என்றால் மூன்று வரி. சுகம், வேலை அதிகம், ஸலாம். கிரிக்கெட்டு என்றாலே ஓடிப்போகிற பிள்ளை நீ. அந்தக் கடிதத்துக்கு நீ நாலு பக்கம் பதில் எழுதினாய். லெட்சுமணன் எவ்வளவு தூரம் ஓடிவருவான் என்று கேட்டாய், ஹபீல் களைத்தால் என்ன செய்வான் என்று கேட்டாய், கடைசியில், வாப்பா, மாமியார் பந்துக்கு முன் எந்தக் கையைத் துடைப்பான், இடதா வலதா என்று கேட்டாய். மகன், எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன். வண்டிக்காரர் எல்லாரிடமும் அந்தக் கடிதத்தைத் தூரத்தில் நின்று ஆட்டிக் காட்டி, என் மகன் எனக்கு நாலு பக்கம் எழுதியிருக்கிறான் என்று பெருமையடித்தேன். அன்றைக்கே உட்கார்ந்து, இடது கை என்று பதில் எழுதினேன். கண்ணாடியைத் தேடக்கூடப் பொறுமை இல்லாமல் எழுதினேன்.

சனிக்கிழமை காலை ரயிலில், எங்கள் அணியோடு ஆட, நீ வேலை செய்கிற கொழும்பு ஸ்டோர் ஆட்கள் வந்து இறங்கினார்கள். உன்னைக் காணோம், வேலையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். துரை அன்று எல்லார் முன்னாலும் சொன்னார், கறுப்பையா இன்றைக்கு நன்றாகப் போட்டால் தோட்டத்துக்குத் திரும்பிப் போகத் தேவையில்லை, ஸ்டோரில் தராசடியில் நிரந்தர வேலை என்று. பையன் எங்கள் அணியின் சிவப்புப் பட்டியை இடுப்பில் இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டிக்கொண்டான். முதல் மூன்று நான்கு பந்து நன்றாகத்தான் போனது. பிறகு இடது கையை இடுப்பில் துடைத்தான். எனக்கு உள்ளே சிரிப்பு, வாறா பார் என்று. அந்தப் பந்தை உங்கள் பெரிய கிளாக்கர், அந்தக் கட்டை மனிதர், இரண்டு எட்டு முன்னால் வந்து காத்து நின்று அடித்தார், பேராதனை வீதி ஓரத்துச் சாக்கடைக் கானில் போய் விழுந்தது. தற்செயல் என்று நினைத்தேன். மறுபடி துடைத்தான், மறுபடி கானில். மூன்றாம் தரம் அவன் கை இடுப்புக்குப் போகும்போதே பாயில் உட்கார்ந்திருந்த உங்கள் ஆட்கள் எல்லாரும் ஒரே குரலில் மாமியார் வாறா, மாமியார் வாறா என்று கத்தினார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வல்லாஹி, அந்தப் பெயர் என் தலையில் உதித்தது, என் பேனாவால் ஒரே ஒரு கடிதத்தில் இறங்கியது, அது எப்படி அத்தனை பேர் வாயில் வரும்? கனவு காண்கிறேனா என்று பக்கத்தில் நின்ற வண்டிச் சட்டத்தைப் பிடித்துப் பார்த்தேன். நான் தெளிவதற்குள் நாங்கள் தோற்று ஆட்டம் முடிந்துவிட்டது. வீரசிங்கம் நேரே கறுப்பையாவிடம் போய், உன்ர அண்ணன் அவங்கட ஸ்டோரிலதானே மூட்டை தூக்கிறான், எல்லாத்தையும் சொல்லிப்போட்டாய் என்ன என்று கேட்டார். பையன் முழித்துக்கொண்டு, சாமி சத்தியமா நான் ஒண்ணும் சொல்லலீங்க ஐயா என்றான். அவர் எல்லார் முன்னாலும் அந்தச் சிவப்புப் பட்டியைப் பிடித்து இழுத்து அவிழ்த்தார். தராசடிப் பக்கம் இனி வராதே, ஆளைக் காட்டிக்கொடுக்கிறவன் நிறையையும் மாற்றிச் சொல்லுவான் என்றார். துரை குதிரையில் ஏறிப் போய்விட்டார்.

நான் அப்போது வாய் திறந்திருக்க வேண்டும் மகன். திறக்கவில்லை. இன்னும் எனக்கு ஒரு நப்பாசை, வேறு ஏதாவது விதமாய் இருக்குமோ என்று. அதையும் உங்கள் பெரிய கிளாக்கரே தீர்த்துவைத்தார். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கி, நீங்கதானே முஹ்ஸின்ட வாப்பா, உங்கட கடிதங்கள மகன் மத்தியானம் சாப்பிட்டுட்டு எங்களுக்கு வாசிச்சுக் காட்டுவார், நாங்க வயிறு நோகச் சிரிப்போம், எந்தக் கையெண்டு அவர்தான் கேட்டு எழுதினார், கெட்டிக்காரப் புள்ள என்றார். நல்ல மனிதர்தான், என்னைப் புகழ்கிறதாக நினைத்துத்தான் சொன்னார். நான் அவரோடு சேர்ந்து சிரித்தேன் என்று நினைக்கிறேன். பாழாய்ப் போன பல் தானாகத் தெரிந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது கறுப்பையா வெளியின் அந்தக் கடைசியில், துணி மூட்டையோடு நடந்து போய்க்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் கதிரையை விட்டு எழும்பவில்லை. உம்மா என்னவென்று கேட்டுக் கேட்டு, கடைசியில் சொன்னேன். உன் மேல் கோபப்படுவாள் என்று பார்த்தால், மாமியார் என்று யாரை நினைத்துப் பெயர் வைத்தாய், என் உம்மாவைத்தானே, மௌத்தாகி மண்ணுக்குள் போன மனுஷியைக் கொழும்பு வரைக்கும் சந்தி சிரிக்க வைத்தாயே என்று ஆரம்பித்து, அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டாள். நியாயம்தான். ஆனால் உன்னை நினைத்து அவள் அலுமாரிப் பக்கம் திரும்பி நின்று அழுததையும் நான் பார்த்தேன்.

திங்கட்கிழமை உன் நாலு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனேன். ஒரு நேரம் கிழித்து மாட்டுக்குப் போட்டுவிடலாமா என்றுகூட வழியில் நினைத்தேன், மறைக்காமல் சொல்கிறேன். கிளாக்கர்மார், மூட்டை தூக்குகிறவர்கள், லெட்சுமணன், ஹபீல் எல்லாரும் நிற்க வீரசிங்கத்தின் கையில் கொடுத்து, சத்தமாக வாசியுங்கள் என்றேன். அவர் இடதா வலதா என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். சொன்ன வாய் என் வாய், கேட்டது என் மகன், அந்தப் பையன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்றேன். யாரும் என்னை ஏசவில்லை, ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீரசிங்கம் முகம் வெளுத்து, நான் போய் என்னெண்டு அவன்ர முகத்தில முழிக்கிறது என்று பட்டியை என் கையில் தந்தார். துரை விஷயத்தைக் கேட்டுவிட்டு, அடுத்த மாதம் கொழும்பில் நடக்கிற ஆட்டம் வரை தராசடி வேலைக்கு வேறு ஆள் போடமாட்டேன், அதற்குப் பிறகு பார்ப்போம் என்றார். அவ்வளவுதான் கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை வண்டி கட்டிக்கொண்டு மடுல்கெல்லைக்குப் போனேன். கறுப்பையா பழையபடி களத்தில் பலகை பிடித்துக் காப்பி கிளறிக்கொண்டிருந்தான், களம் பாதிதான் நிறைந்திருந்தது. நான் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னேன், மாமியார் என்று பெயர் வைத்ததையும் உனக்கு எழுதினதையும், இடது கையையும். அவன் கோபப்படுவான், அழுவான் என்று தயாராகப் போயிருந்தேன். அவன் பலகையைக் கீழே வைத்துவிட்டுத் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நான் தொடைக்கிறேனாங்க மொதலாளி என்று கேட்டான். மகன், அவனுக்கே அது தெரியாது! தனக்கே தெரியாத ஒரு சங்கதியை விற்றான் என்றுதான் அத்தனை பேர் முன்னால் அவன் பட்டியை அவிழ்த்தோம். எனக்கு அந்தக் களத்து ஓரத்திலேயே உட்கார்ந்துகொள்ள வேண்டியதாய் இருந்தது. அவனே தண்ணீர் கொண்டுவந்து தந்தான்.

நேற்று அந்தப் பட்டியைக் கட்டிக்கொண்டு என்னோடு வந்தான். இன்றைக்குக் காலையில் போகம்பரையில் பந்து போட்டுப் பார்த்தான். கையைப் பற்றித் தெரிந்துவிட்டதல்லவா, முதலில் பந்து கையை விட்டு ஒழுங்காகப் போகவே இல்லை, ஒன்று வீரசிங்கத்தின் தொப்பியில் பட்டது. பிறகு அவனே யோசித்து ஒன்று செய்தான். என்ன செய்தான் என்று நான் எழுத மாட்டேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பெரிய கிளாக்கரிடம் நல்ல பெயர் வாங்கத்தான் கேட்டாயா, அல்லது வாப்பா எழுதுவது வேடிக்கையாக இருக்கிறது என்று பெருமைக்கு வாசிக்கத் தொடங்கி, பிறகு இழுபட்டுப் போனாயா? எனக்கு இரண்டாவதுதான் உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசை, ஆனால் ஆசைக்காக நீ பொய் எழுதாதே. வாப்பா மகனுக்கு எழுதுவது நம்பி ஒப்படைக்கிற அமானிதம், அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு பல் குத்துகிற குச்சி மாதிரி எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. அடுத்த மாதம் ஆட்டத்துக்கு நானும் வருகிறேன். நீ மைதானத்துக்கு வந்து, எல்லார் முன்னாலும் கறுப்பையாவிடம் நான்தான் என்று சொல்ல வேண்டும். என்னிடம் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, ஜும்ஆவை விடாதே, றமீலாவுக்கு நல்லபடியாகப் பிள்ளை பிறக்க துஆ கேள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நேரான நாக்கையும் தரட்டும். உம்மா ஸலாம் சொல்லச் சொன்னாள், அதையும் றமீலாவிடம்தான் சொன்னாள். இனிப் பந்து போடுகிறவர்களைப் பற்றி ஒரு வரியும் உனக்கு எழுத மாட்டேன், உம்மாவின் முழங்காலும் வெள்ளை மாட்டின் குளம்பும்தான் என் கடிதத்தில் இருக்கும். அப்படியிருந்தும் நீ எனக்கு நாலு பக்கம் எழுதுகிறாயா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன் வாப்பா,
வண்டிக்கார முஹம்மது