பச்சை இறங்காத மீன்தொட்டி

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம், ஆறு மீன்களும் இன்று காலை வரைக்கும் சுகம், கப்பலில் நீயும் உன் இன்ஜினும் மக்கர் பண்ணாமல் ஓடிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறோம். அம்மாவின் கால் மாவுக்கட்டை அடுத்த மாதம் பிரிப்பார்களாம். கால்தான் கட்டுக்குள் இருக்கிறது, வாய் நன்றாக நடமாடுகிறது. இதை எழுத மாட்டேன் என்றாள், எழுதித்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

மீன் என்றதும் உனக்குக் கோபம் வரும். அம்மாவின் கட்டிலை ஒட்டித் தொட்டியை வைத்துவிட்டுக் கிளம்பும்போது, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "தண்ணி பக்குவமாக ஒரு மாசமாவது ஆகும்ப்பா, அவசரப்பட்டு மீன் விடாதீங்க" என்று நீ சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. மூன்றாம் நாளே விட்டுவிட்டேன். "அணைச்சு வச்ச டிவியை எத்தனை நாள்தான் பாக்கறது" என்று உன் அம்மா படுத்தபடி வெறும் தொட்டியைக் காட்டிக் கேட்டால் நான் என்ன செய்ய. மீன் வந்ததும் வீடே கலகலவென்று ஆனது. வயிறு பெருத்து, ஒரு வேலையும் செய்யாமல் எல்லாரையும் சுற்றிச் சுற்றி வரும் ஒன்றுக்குச் சூப்பர்வைசர் என்று பேர் வைத்தாள். எட்டாம் நாள் சூப்பர்வைசர் உட்பட ஆறும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மீன்கடைக்காரரை அழைத்து வந்தேன். கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டு, ஐந்து நிமிஷம் வைத்தார். அம்மோனியா இல்லையென்றால் மஞ்சளாகவே இருக்குமாம், விஷம் ஏற ஏறப் பச்சையாகுமாம். வந்தது நல்ல பச்சை. ஒப்பிட்டுப் பார்க்கிற அட்டையில் நம்பர் போட்டிருக்கிறதாம், எனக்கு எதற்கு நம்பர், நாற்பது வருஷம் சுவருக்குப் பெயின்ட் அடித்தவன், பழைய ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டுக்கு இடுப்பளவு அடித்த பச்சை இது என்று சொல்லிவிட்டேன். நீ பிறப்பதற்கு மூன்று மாதம் முன்னால் அடித்தது, ஒரு டப்பா பச்சைக்கு அரை டப்பா வெள்ளை.

மீன் கழிவும் தின்னாமல் விட்ட தீனியும்தான் அழுகி அம்மோனியா ஆகிறது, அதைத் தின்கிற கிருமிகள் ஃபில்டர் பஞ்சில் குடியேற வாரக்கணக்கில் ஆகும் என்றார் அவர். பஞ்சா, அதை நான் தினமும் கழுவுகிறேனே என்றேன். ரோலரைக் கழுவுகிற மாதிரிதான், குழாயடியில் தண்ணீர் தெளிவாக வரும் வரைக்கும் பிழிந்து பிழிந்து. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "பெரியவரே, நீங்க சுத்தம் பண்ணல, குடியிருந்தவங்களையெல்லாம் காலி பண்ணி அனுப்பிட்டீங்க" என்றார். தன் கடைத் தொட்டியின் அழுக்குப் பஞ்சு ஒரு துண்டு கொண்டுவந்து ஃபில்டரில் சொருகினார். தினமும் கால்வாசித் தண்ணீர் மாற்ற வேண்டும், புதுத் தண்ணீரில் குளோரினை முறிக்கிற மருந்து விட வேண்டும், தீனி ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு சிட்டிகை போதும் என்று சொல்லி, சோதிக்கிற குழாயையும் சொட்டு மருந்தையும் என்னிடமே விட்டுப் போனார்.

அத்தனையும் செய்தேன். மூன்று வாரமாக வாளி தூக்கியும் பச்சை இறங்கவில்லை. தீனி டப்பாவைப் பார்த்தால் நான் போட்டதைவிட ரொம்பக் குறைந்திருக்கிறது. அப்போதுதான் என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது மகளே. போட்டதை மறந்துவிட்டுத் திரும்பத் திரும்பப் போடுகிறேனோ. எந்த வீட்டுக் கதவுக்கு எந்த வருஷம் என்ன கலர் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன், அந்த மண்டை கழன்றுவிட்டதா. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. மீன்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன், இன்று சாயங்காலம் பையோடு வருவார். இனி என்னை நம்பி எந்த உயிரையும் விடக்கூடாது.

இந்த வரியோடு உன் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு, "உங்க ஞாபகத்துக்கு ஒண்ணும் ஆகல. மத்தியானம் நீங்க கண்ணயர்ந்ததும் நான்தான் போட்டேன். கண்ணாடிகிட்ட வந்து என்னையே பாத்துக்கிட்டு நிக்குதுங்க, மனசு கேக்கல" என்றாள். தினமுமா என்று கேட்டேன். "சூப்பர்வைசருக்கு மட்டும் ரெண்டு தடவை" என்றாள். கோபம் வந்திருக்க வேண்டும், சிரிப்புதான் வந்தது, சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. என் மண்டை திரும்பக் கிடைத்துவிட்டது, அதற்கு வாளி தூக்கின இந்த முதுகு வலி எம்மாத்திரம். சாயங்காலம் கடைக்காரர் வந்தார், கதையைக் கேட்டார், டீ குடித்துவிட்டு வெறும் பையோடு போனார்.

இதற்கு மேல் எழுதுவது எட்டு நாள் கழித்து. தீனி டப்பா இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. இன்று காலை குழாயில் மஞ்சள் வந்தது. துளி பச்சை மிச்சமிருக்கிறது என்கிறாள் உன் அம்மா, கிடையவே கிடையாது, பள்ளிக்கூடத்து ஜன்னலுக்கு இரண்டு கோட்டிங் கொடுத்த அதே சுத்த மஞ்சள். இனி நைட்ரைட் என்று இன்னொரு விஷம் ஏறுமாம், அதைச் சோதிக்க வேறு சொட்டு மருந்து, நீலத்திலிருந்து ஊதாவாகுமாம். வரட்டும், வாளி தயாராக இருக்கிறது, ஆறும் கீழே இறங்கி நீந்துகின்றன.

நீ நல்லபடியாக வேலை பார்த்து நல்லபடியாகக் கரை சேர எங்கள் ஆசீர்வாதம். இன்ஜின் ரூமுக்குப் போகும்போது காதை மூடிக்கொள்ள மறக்காதே. கரை தொட்டதும் பதில் போடு, போடும்போது உன் அம்மாவைக் கண்டித்து நாலு வரி சேர்த்து எழுது, அதையும் அவளேதான் எனக்குப் படித்துக்காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
சொன்னது உன் அப்பா,
எழுதியது பிடிபட்ட அம்மா.