வான்கோழி இறகு

செப்டம்பர், மூன்றாம் சனிக்கிழமை. கேட்டி நகரம்.

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

போன வாரம் என் அம்புகளுக்குப் புது இறகு ஒட்ட வில் கடைக்குப் போனோம். வேட்டைக்குப் போவது நான். கார்த்திக் கார் ஓட்ட வந்தவர். ஆனால் கடைக்காரன் கேட்டதெல்லாம் என் புருஷனிடம்தான். என் வில்லில் அம்பைத் தாங்குவது பிரஷ் மாதிரி முடி வைத்த ஒரு வளையம், பிரஷ் ரெஸ்ட். அம்பு அந்த முடியை உரசிக்கொண்டுதான் வெளியே போகும். அதற்குக் குட்டையான, விறைப்பான பிளாஸ்டிக் இறகுதான் சரி என்று இரண்டு தடவை சொன்னேன்.

"வான்கோழி இறகு செம கெத்தா இருக்கு சுதா, இதையே போட்டுக்கலாம்" என்று கார்டை நீட்டிவிட்டார்.

இன்று பயிற்சி ரேஞ்சில் ஒரே அம்பை ஐந்து தடவை விடுவதற்குள் இறகெல்லாம் பிய்ந்துவிட்டது. ஆறாவது தடவை குறியிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போனது.

"நீ அம்பை ரிலீஸ் பண்றது சரியில்ல" என்றார். வில்லைத் தொட்டே பார்க்காத மனுஷன்! அடுத்த வாரம் மான் சீசன். அங்கே ஒரு முழம் தள்ளிப் பட்டால் மான் உடனே சாகாது. குடல் கிழிந்து மணிக்கணக்கில் ஓடும்.

சாயங்காலம் சமையலறையில் உட்கார்ந்து பன்னிரண்டு அம்பிலும் இறகைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். ஹாலில் அவர் நண்பனிடம் போனில் சொல்கிறார்: "பிரஷ் ரெஸ்ட்டுக்கு நிஜ இறகு செட் ஆகாதுடா மச்சி. நான் அப்பவே சொன்னேன், இவதான் கேக்கல."

கையில் கத்தி இருந்தது. இறகை மட்டும்தான் சுரண்டினேன்.