சுவர் நிறையக் குழாய்

என்னங்க,

இன்று காலை சமையற்கட்டுக் குழாயை மாற்ற ஆள் வந்திருந்தார். பழைய பித்தளைக் குழாயைக் கழற்றித் தரையில் வைத்ததும் பாசியும் சணல் நூலும் ஊறிய அந்த ஈர வாசனை எழுந்தது. நீங்கள் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது வருமே, அதே வாசனை. அடுப்பில் பால் வைத்ததையே மறந்துவிட்டேன். "பழச நானே எடுத்துக்கட்டாம்மா?" என்று கேட்டார் அவர். "எடுத்துக்கினு பூடுவியா? இங்க குடுப்பா" என்று பிடுங்காத குறையாக வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. எல்லாம் உங்களால்தான்.

பட்டாளத்திலிருந்து நீங்கள் பென்ஷனோடு வந்தபோது, இனி மனுஷன் வீட்டில் ஓய்வாக இருப்பார் என்றுதான் நினைத்தேன். "குந்திக்கினே துன்னா ஒடம்பு ஊறிப்பூடும்மே" என்று சொல்லி ரெஞ்சைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். முகப்பேர் அடுக்குமாடிகள், அம்பத்தூர், ஆவடி என்று நீங்கள் குழாய் மாட்டாத தெரு இல்லை. பளபளவென்று புதுசு மாட்டுகிறவர்கள் வேண்டாமென்று ஒதுக்கும் பித்தளைக் குழாயை எல்லாம் கேட்டு வாங்கிவருவீர்கள். அடுத்த வீட்டுக்காரர் பெண்டாட்டிக்கு மல்லிப்பூ வாங்கிவருவார். எனக்கு வந்ததோ சிங்கமுகக் குழாய், வாத்து மூக்குக் குழாய், இடித்துப்போட்ட சினிமாக் கொட்டகையின் குழாய். குழம்புக்கு வைத்திருந்த புளியை எடுத்துத் தேய்த்துத் தேய்த்து, கொல்லைச் சுவரில் வரிசையாக மாட்டினீர்கள். நானும் வாய் ஓயாமல் திட்டினேன்.

பட்டாளத்தில் சாமான்களைக் கட்டிலில் பரப்பி வைத்துவிட்டு விறைப்பாக நிற்க வேண்டுமாம், அதிகாரி வந்து பார்ப்பாராம். அந்தப் பழக்கம் உங்களை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அந்த வாரம் கிடைத்த குழாய்களைக் கயிற்றுக் கட்டிலில் பரப்பிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நிற்பீர்கள். கரண்டியும் கையுமாக நான்தான் அதிகாரி. "இது இன்னா, மூஞ்சியே கழுவல?" என்பேன். "ஜீ சாப்!" என்று பட்டாளத்து இந்தியில் நீங்கள் போடும் சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழிகள் பறக்கும்.

அத்தனை குழாயில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் கொடுத்திருந்தீர்கள். எது என்று யாருக்கும் தெரியாது. அடிக்கடி மாற்றி வைப்பீர்கள், நான் தெரியாமல் திருகி நனைந்து கத்துவதைக் கேட்க. அப்படியொரு குசும்பு!

நம் செல்வியைப் பெண் பார்க்க வந்த நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பையன் அவளோடு வேலை செய்கிறவன், இருவருக்கும் மனசு ஒத்துப்போயிருந்தது. பையனின் அப்பாவுக்குத்தான் இஷ்டமில்லை. பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், வெளியூரிலிருந்து வந்து முகப்பேரில் வீடு வாங்கியவர். "ப்ளம்பர் வீட்டுச் சம்பந்தமா?" என்று அவர் இழுத்தது நம் காதுக்கும் வந்தது. செல்வி சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

காலையிலேயே என் தம்பி வந்துவிட்டான். "அக்கா, மாமா மிலிட்டரின்னு மட்டும் சொல்லு. கொயா வேலைன்னு வாயத் தொறக்காத. பின்னாடி அந்தச் செவுத்து மேல ஒரு பெட்சீட்ட மாட்டு" என்றான். நீங்கள் உள்ளே போய்ப் போர்வையை எடுத்து வந்தீர்கள். மகளுக்காக எதையும் மறைக்கத் தயாராக நின்ற உங்கள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போர்வைய கீழ போடுங்க. நீங்க இன்னா திருடிக்கினா வந்தீங்க?"

"நீதான தெனம் திட்டிக்கினு கீற?" என்றான் தம்பி.

"நான் திட்டுவேன். நீ யாருடா?"

நீங்கள் போர்வையை மூலைக்கு மூலை சரியாக மடித்து வைத்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டீர்கள்.

அவர்கள் வந்தார்கள். பஜ்ஜி, கேசரி எல்லாம் ஆயிற்று. "சார் என்ன பண்றீங்க?" என்று அவர் கேட்டார். தம்பி வாயெடுப்பதற்குள், "மிலிட்டரில இருந்தேன் சார். இப்ப கொயா வேலை செய்யறேன்" என்றீர்கள். அவர் "ம்" என்றார், அவ்வளவுதான். செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். கை கழுவ வேண்டும் என்று அவர் எழுந்து கொல்லைப் பக்கம் போனார். நீங்கள் பின்னாலேயே ஓடினீர்கள். அவர் சுவரைப் பார்த்துத் திகைத்து நின்று, கைக்கு எட்டிய ஒன்றைத் திருகினார். அது அந்தக் குழாயாகவா இருக்க வேண்டும்! பிடி கையோடு வந்துவிட்டது. தண்ணீர் பீய்ச்சியடித்து, பட்டு வேட்டி, சட்டை, மூக்குக்கண்ணாடி எல்லாம் தொப்பலாகிவிட்டது.

நீங்கள் விறைப்பாக நின்று, "மன்னிச்சிடுங்க சம்பந்தி!" என்றீர்கள். ஒன்றுமே முடிவாகாத இடத்தில் சம்பந்தியாம்! போச்சுடா என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "முதல்ல ஒரு துண்டு குடுங்க. சம்பந்தத்தை அப்புறம் பேசலாம்" என்றார். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. உங்கள் கட்டம்போட்ட கைலியைக் கட்டிக்கொண்டு, கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, ஒவ்வொரு குழாயும் எந்த வீட்டில் இருந்தது என்று கேட்க ஆரம்பித்தார். ஒரு மனுஷனின் கைலியைக் கட்டிக்கொண்டு அவன் வீட்டிலேயே பிகு செய்ய முடியுமா என்ன? பையனின் அம்மாதான் முடித்துவைத்தார். "அதான் தண்ணி ஊத்திப் பொண்ணைத் தாரை வார்த்துட்டாரே, இன்னும் என்ன யோசனை?" கதவோரம் நின்ற செல்வி அழுதுகொண்டே சிரித்தாள்.

நீங்கள் போன அன்று உங்களைக் குளிப்பாட்டக் குடத்தைத் தூக்கி வந்தவர் அவர்தான். "நான் ஊத்துறேன், எங்க சம்பந்திக்கு" என்று சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதார். அதுவரை மரமாக உட்கார்ந்திருந்த எனக்கும் அப்போதுதான் அழுகை வந்தது.

இப்போது நான் நன்றாகத்தான் இருக்கிறேன், கவலைப்படாதீர்கள். போன வாரம் செல்வி வீட்டுக்குப் போயிருந்தேன். எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மா, "உங்க வீட்டுக்காரர் என்ன பண்ணிட்டு இருந்தாருங்க?" என்று கேட்டார். நான் சொல்வதற்குள் சம்பந்தி முந்திக்கொண்டார். "ப்ளம்பருங்க. நல்ல ப்ளம்பர். மிலிட்டரியிலயும் இருந்தாரு" என்றார். இதைக் கேட்க நீங்கள் இல்லையே என்று இருந்தது. ஆனால் தலை நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

"ஐயோ, எங்க வீட்டுல பாத்ரூம் குழாய் வந்த நாள்லேர்ந்து ஒழுகுதுங்க" என்றார் அந்த அம்மா.

"ஒழுகுதுன்னு சொல்லிட்டீங்க இல்ல" என்றேன். "அவரு இருந்தா இந்நேரம் உங்க ஊட்ல நின்னுகினு இருப்பாரும்மா."